58 கே/1: எல்லையும் ஊர்ப்பெயரும் தேடுகிறவர்களுக்கு ஒரு வரைபடத்தாள் மதிப்புரை

கீழடி எந்த மாவட்டம் என்று கேட்டால் மதுரைக்காரர்களே பலர் யோசிக்காமல் 'மதுரை' என்று சொல்லிவிடுவார்கள். அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். திருப்பரங்குன்றம் 2011 முதல் மதுரை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊர்க்காரர் தேர்ந்தெடுப்பது விருதுநகர் எம்.பி.யை. தோப்பூரில் எழும் 'மதுரை எய்ம்ஸ்'ஸும் அதே விருதுநகர் தொகுதிதான். சோழவந்தானும் உசிலம்பட்டியும் ஓட்டுப் போடுவது தேனிக்கு. மதுரை மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதியில் சேரும். மிச்சம் நாலும் தேனிக்கு இரண்டு, விருதுநகருக்கு இரண்டு என்று பிரிந்து கிடக்கின்றன.

இப்படிக் கோணிக்கொண்டு போகும் எல்லைகளையும், ஏன் வந்தது என்று புரியாத ஊர்ப்பெயர்களையும் தேடிப் போவதில் ருசி கண்டவர்களுக்குக் கைபேசி வரைபடம் மட்டும் போதாது. அது சாலையில் போகிறவனுக்காக வரைந்தது. சாலை இல்லாத இடம் அதில் வெறும் சாம்பல் நிறம். இந்த வேலைக்கு இன்றும் உருப்படியான சரக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவுத் தாள்கள்தான். பழைய ஆட்கள் 'டோப்போ ஷீட்' என்பார்கள். மதுரை நகரம் விழும் தாளின் பழைய எண் 58 கே/1. அந்தத் தாளையும் அதன் அக்கம்பக்கத்துத் தாள்களையும் எல்லை தேடும் கண்ணோடு எடை போட்டதன் முடிவு: நிலத்துக்கு 5-க்கு 4, பெயருக்கு 5-க்கு 2. இரண்டாவது மதிப்பெண் ஏன் இவ்வளவு குறைவு என்பது பின்னால் வரும்.

வாங்குவது எப்படி என்பதை முதலில் முடித்துவிடலாம். 1767-இல் தொடங்கிய இந்தத் துறைக்குத் தலைமையிடம் டேராடூன். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று தாள்களைப் பிரித்தது. 2017-இல் பொதுத்தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே போனால், வேண்டிய தாளை எண்ணை வைத்தோ படத்தில் கட்டத்தைத் தொட்டோ பி.டி.எஃப். கோப்பாக எடுக்கலாம். இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நில அளவை ஆண்டை. திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்தது 1985-இல். தேனி பிரிந்தது 1996-இல். அதற்கு முந்தைய அளவையை வைத்து அச்சிட்ட தாளில் கம்பமும் போடியும் மதுரை மாவட்டமாகவே இருக்கும். தப்பான தாள் என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய எல்லை தேடுகிறவருக்கு அதுதான் பொக்கிஷம்.

எண் முறை புரிந்தால் எந்தத் தாள் வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. '58' என்பது வடக்கே 8 முதல் 12 பாகை, கிழக்கே 76 முதல் 80 பாகை வரை உள்ள பெரிய சதுரம். (மதுரை தெற்கு வண்டிகளின் பதிவெண்ணும் டி.என். 58 என்று தொடங்குவது தற்செயல். ஆனால் எண்ணை மறக்காமலிருக்க உதவும்.) அதைப் பாகைக்கு ஒன்றாக 16 கட்டமாக்கி ஆங்கில ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள். எழுத்து இடது மேல்மூலையில் தொடங்கிக் கீழே இறங்கும். பிறகு அடுத்த வரிசையின் உச்சிக்குத் தாவி மறுபடி இறங்கும். ஒவ்வொரு எழுத்துக் கட்டத்தையும் அதே ஒழுங்கில் மறுபடி 16 ஆக்கினால் 15 கலைக்கு 15 கலை (60 கலை ஒரு பாகை) அளவில் ஒரு தாள். குறுக்கே வாசிக்கும் பழக்கத்தில் எண்ணினால் கண்டிப்பாகத் தப்பும். மேலிருந்து கீழ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்கில் மதுரைக்கு ஒரு வேடிக்கை உண்டு. வடக்கு 10 பாகைக் கோடும் கிழக்கு 78 பாகைக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி மதுரை மாவட்டத்துக்குள்ளேயே, சோழவந்தானுக்கும் சமயநல்லூருக்கும் இடைப்பட்ட பகுதியில் விழுகிறது. ஆகவே எஃப், ஜி, ஜே, கே என்ற நாலு எழுத்துக் கட்டங்களும் கூடும் நாற்சந்தி இந்த மாவட்டம். மதுரை நகரமும் கீழடியும் 58 கே/1. அழகர்கோவிலும் கள்ளந்திரியும் 58 ஜே/4. சோழவந்தானும் வாடிப்பட்டியும் 58 எஃப்/16. உசிலம்பட்டியும் திருமங்கலமும் 58 ஜி/13. ஒரு மாவட்டத்தின் நடுப்பகுதியைப் பார்க்கவே நாலு எழுத்தில் நாலு தாள் வேண்டும். மேலூர்க்காரருக்கு ஐந்தாவதாக 58 ஜே/8.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஜி.பி.எஸ். கருவிகளில் 'யு.டி.எம்.' என்றொரு ஆயமுறை உண்டு. உலகத்தை 6 பாகை அகலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் மீட்டரில் இடம் சொல்லும் முறை அது. 43-ஆம் பட்டை முடிந்து 44-ஆம் பட்டை தொடங்குவது சரியாக 78 பாகையில். திருமங்கலம் 43-இல், மதுரை 44-இல். புதிய பொதுத்தாள் எண்களும் இதை ஒட்டியே சி43, சி44 என்று தொடங்குகின்றன. நடைமுறையில் இது எங்கே கடிக்கும்? கோட்டுக்கு மேற்கே நிற்கும்போது கருவி காட்டும் கிழக்கு ஆயம், அதாவது கிழக்கு மேற்காக இடம் சொல்லும் எண், சுமார் 8,29,000 மீட்டர்; கோட்டைத் தாண்டியதும் சுமார் 1,71,000 மீட்டர். ஒரு வரப்பைத் தாண்டினால் எண்ணில் 658 கி.மீ. பின்னுக்குத் தள்ளிவிடும். பட்டை எண்ணைக் குறிக்காமல் வெறும் மீட்டர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், வீட்டில் கணினியில் போடும்போது திருமங்கலத்துக் கல் கடலில் போய் விழும். இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் கருவியைப் பாகையின் தசமத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. மீட்டர்தான் வேண்டும் என்றால் கணினியில் மேற்குப் பாதிக்கு 32643, கிழக்குப் பாதிக்கு 32644 என்ற குறியெண்ணைத் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி, பழைய தாளின் அடிப்படை அளவு. 58 என்று தொடங்கும் பழைய வரிசை 'எவரெஸ்ட்' என்ற கோளவுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு கணக்கை, வைத்து வரைந்தது. கைபேசியும் புதிய பொதுத்தாளும் வைத்திருப்பது 'டபிள்யு.ஜி.எஸ். 84' என்ற வேறு கணக்கு. இரண்டும் ஒன்றே என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மதுரைப் பகுதியில் சுமார் 200 மீட்டர் விலகல் வரும். தாளில் இது 4 மி.மீ.தான். ஆனால் கீழடி மாதிரி இடத்தில் மாவட்ட எல்லை எந்தத் தோப்புக்கு அந்தப்பக்கம் என்று பார்க்கிறவருக்கு 200 மீட்டர் பெரிய தூரம். பி.டி.எஃப்.-ஐக் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது தாளின் நாலு மூலைகளையும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுத்தால் போதும். 58 கே/1-க்கு வடக்கு 9.75, 10.00, கிழக்கு 78.00, 78.25. பழைய தாள் என்றால் ஆயமுறையில் எவரெஸ்ட்டைத் தேர்ந்து ஏற்றிவிட்டு அதன்பிறகே மாற்ற வேண்டும். மூலைப் புள்ளியைக் குறிக்கும்போது வெளிச்சட்டத்தைத் தொடாமல் உள்சட்டத்தின் மூலையைத் தொடுங்கள். பெரும்பாலான கோணல் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, தாள் என்ன காட்டுகிறது? முதல் பார்வையில் நீலம். மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள்தான் தாளை நிறைத்திருக்கின்றன. கரையோரத்தில் '3 ஆர்', '5 ஆர்' என்று சின்ன எண் இருக்கும்; அக்கம்பக்கத் தரையைவிடக் கரை எத்தனை மீட்டர் உயரம் என்பது அது. இன்று வீட்டுமனையாகிவிட்ட கண்மாய்க்கும் கரைக்கோடு தாளில் தப்பியிருக்கும். பழுப்புக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று வரும் சம உயரக் கோடுகள். பச்சை காடு, மஞ்சள் விவசாய நிலம், சிவப்பு சாலையும் வீடும். எல்லைக் கோடுகளுக்கு மாநிலம், மாவட்டம், வட்டம் என்று தனித்தனிப் புள்ளிக்கோடு உண்டு. விளக்கம் அடிப்பகுதியில் இருக்கும்.

இந்த எல்லைக் கோடுகளை விரலால் தொடர்ந்து போவதுதான் தாளின் முழு இன்பம். மேற்கே தேனிப் பக்கமும் வடக்கே சிறுமலைப் பக்கமும் எல்லை முகட்டைப் பிடித்துக்கொண்டு போகும். கிழக்கே சிவகங்கைப் பக்கம் பிடிக்க மலை இல்லை. வரப்பையும் வாய்க்காலையும் கண்மாய்க் கரையையும் பிடித்து நெளிந்து போகிறது. கண்மாய் ஒரு கிராமக் கணக்கில், அதன் ஆயக்கட்டு வேறு கிராமக் கணக்கில் என்பது தென்மாவட்டங்களில் சகஜம். அந்த வழக்கத்தின் உருப்பெருக்கம்தான் சமவெளி மாவட்ட எல்லை.

மேற்கே 58 ஜி/2-ஐ இறக்கினால் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பூகோள வேடிக்கை கிடைக்கும். குமுளி ஊரின் நடுவே மாநில எல்லை போகிறது. அதற்குத் தெற்கே முல்லைப் பெரியாறு அணையும் ஏரியும் முழுக்கக் கேரள எல்லைக்குள் இருக்கின்றன. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. 1886-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை. சுமார் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970-இல் அது 30 ரூபாயானது. பென்னிகுவிக் 1895-இல் கட்டி முடித்த இந்த அணை, மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்புகிறது. தாளில் கவனித்தால் தெரியும்: மாநில எல்லை நீர்பிரி முகட்டில் போகிறது, தண்ணீர் அந்த முகட்டை மதிக்காமல் அடியில் நுழைந்து வருகிறது. எல்லைக் கோடும் நீர்க்கோடும் இப்படி ஒன்றையொன்று வெட்டுவதைக் கைபேசி வரைபடம் காட்டவே காட்டாது.

அந்தத் தண்ணீர் மதுரைக்கு வந்து தானும் ஒரு எல்லை போடுகிறது. பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒரு போகம். ஒரே கால்வாய், ஒரே தண்ணீர். ஒரு மதகுக்கு முன்னால் இரண்டு அறுவடை, பின்னால் ஒன்று. ஆண்டுதோறும் தண்ணீர் திறப்புச் செய்தியில் 'கள்ளந்திரி வரை' என்ற சொல் வருவது இதனால்தான். தாளில் கால்வாய் இருக்கிறது, கள்ளந்திரி இருக்கிறது. இந்த எல்லை இல்லை.

இதேபோல் தாளில் இல்லாத இன்னொரு எல்லை உசிலம்பட்டிப் பக்கத்து 'எட்டு நாடு, 24 உபகிராமம்'. கோயில் முறையும் ஊர்ப் பஞ்சாயத்தும் இன்றும் பேசப்படுவது அந்தக் கணக்கில். வருவாய்த் துறையின் வட்ட எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இப்படிப்பட்டதை வரைய விரும்புகிறவர், தாளை அடித்தளமாக வைத்து மேலே தானே கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

58 எஃப்/4 இன்னொரு விருந்து. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டம். ஆனால் வண்டி போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மட்டுமே. மதுரையிலிருந்து போகிறவர் தேனி, போடி, போடிமெட்டு என்று ஏறி மாநிலத்தைத் தாண்டி, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய், அங்கே ஜீப்பைப் பிடித்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். கைபேசியில் வழி கேட்டால் இந்தச் சுற்றுதான் வரும். ஏன் சுற்றுகிறோம் என்பது வராது. தாளில் சம உயரக் கோடுகள் கிழக்குப் பக்கம் கோடுமேல் கோடாக நெருங்கி நிற்பதைப் பார்த்தால் காரணம் உடனே விளங்கும். குரங்கணியிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையும் உண்டு. தாளில் ஒரு பாதை இருப்பதால் அதில் போகலாம் என்று அர்த்தமில்லை. 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு அந்த மலையில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி அந்த 5-க்கு 2.

தாள் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ழ, ள, ல மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. ட, த இரண்டுக்கும் ஒன்று. குறில் நெடில் கிடையாது. ஊர்ப்பெயரின் பொருள் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேண்டாம். மதுரைக்கு மேற்கே அச்சம்பத்து, விராட்டிபத்து என்று ஊர்கள். இங்கே 'பத்து' எண்ணிக்கை இல்லை. வயலையும் வயல் சார்ந்த ஊரையும் குறிக்கும் 'பற்று' பேச்சில் திரிந்தது. ஆங்கில எழுத்தில் அது பத்தா, பட்டா, பட்டுவா என்று எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். கீழடியை ஆங்கிலத்தில் பார்த்துப் படிக்கும் வெளியூர்க்காரர் 'கில்லாடி' என்கிறார். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதனால் தாளில் ஒரு கூட்டல், பேருந்துப் பலகையில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று என்ற நிலை அப்படியே தொடர்கிறது.

அடுத்தது இனிஷியல் ஊர்கள். தென்மாவட்டங்களுக்கே உரிய அழகு இது. ஆளுக்கு இருப்பதுபோல ஊருக்கும் தலைப்பெழுத்து. ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தால் பக்கத்து ஊரின் முதலெழுத்தை முன்னே போட்டுப் பிரித்தார்கள். டி. கல்லுப்பட்டி, எம். கல்லுப்பட்டி, ஜி. கல்லுப்பட்டி என்று கல்லுப்பட்டிகளே மூன்று. இதில் டி. கல்லுப்பட்டியின் 'டி', பக்கத்திலிருக்கும் தேவன்குறிச்சி. தமிழில் எழுதும்போது தே. கல்லுப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கின் கே.கே. பட்டியை விரித்தால் காமயகவுண்டன்பட்டி. தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் க. விலக்கு என்பது கண்டமனூர் விலக்கு. கண்டமனூருக்குப் பிரியும் சாலை முனையே ஊராகிவிட்டது. மேலூர்ப் பக்கம் அ. வல்லாளப்பட்டி, மதுரைக்குள் கோ. புதூர்.

இங்கே தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று. தலைப்பெழுத்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறு. கோ. புதூரை ஆங்கிலத்தில் எழுதி மறுபடி தமிழாக்கினால் 'கே. புதூர்'. தமிழில் க. புதுப்பட்டி, கம்பத்தின் ஆங்கில எழுத்தை வைத்தால் அதுவே 'சி. புதுப்பட்டி'. தாளிலோ இணையத்திலோ ஒரு எழுத்தில் கிடைக்காவிட்டால் ஊர் இல்லை என்று முடிவு கட்டாமல், இரண்டு எழுத்திலும், புள்ளி வைத்தும் வைக்காமலும் தேடிப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் தாளை முந்துகிறது. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனிப் புலத்தில் சேர்க்க இடம் உண்டு, யாரும் திருத்தலாம். ஆனால் யாரும் திருத்தலாம் என்பதாலேயே, தானியங்கியாக எழுத்துப்பெயர்த்த பெயர்களும் அதில் கலந்திருக்கும். ஊராட்சிப் பலகையைக் கண்ணால் பார்க்காமல் அதை நம்பிப் பொருள் சொல்லக் கூடாது.

பொருள் சொல்வதில் ஊர் மக்களின் கதையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்குச் சோழவந்தான் நல்ல பாடம். சோழன் வந்தான், இடத்தைப் பார்த்து உவந்தான் என்று கதை. கல்வெட்டுப் பெயரோ சோழாந்தக சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன். பாண்டியன் சூடிக்கொண்ட பட்டம். எமன் என்ற பெயர் விருந்தாளியாக மாறிவிட்டது. மாட்டுத்தாவணியில் பெண்கள் உடுத்தும் தாவணிக்கு வேலையில்லை. மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறும் மாட்டுச் சந்தையும்தான் அந்தத் தாவணி. நத்தம் என்றால் திண்டுக்கல் மாவட்டத்து ஊர் மட்டுமில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலமே நத்தம். பத்திரத்தில் 'நத்தம்' என்று பார்த்துத் திண்டுக்கல்லுக்கு வண்டி ஏறக் கூடாது.

நகரத்துக்குள் தாள் சுத்தமாகப் பயன்படாது. 1 மி.மீ. என்பது 50 மீட்டர். சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும் மாசி வீதியும் ஒரு சிவப்புக் கட்டிக்குள் அடங்கிவிடும். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுவதேன், கீழவாசலிலும் தெற்குவாசலிலும் வாசல் எங்கே, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் 1840-களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த வேலையின் மிச்சம் என்பது போன்ற தேடலுக்கெல்லாம் நடந்து பார்ப்பதே வழி.

கிராம எல்லை வேண்டுமென்றாலும் தாளோடு நிற்க முடியாது. வட்டத்துக்குக் கீழே உள்வட்டம், வருவாய் கிராமம், புல எண் என்று இறங்கும் அடுக்குகளுக்குத் தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவை இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று வரிசையாகக் கொடுத்தால் அ-பதிவேடும் புலப்படமும் காசில்லாமல் திரையில் வரும். புல எண் தெரியாவிட்டால் டி.என்.ஜி.ஐ.எஸ். என்ற தமிழக அரசின் இணைய வரைபடத்தில் இடத்தைத் தொட்டு முதலில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். புலப்படத்தின் குறை, ஒரு புலத்தை மட்டும் தனியே காட்டுவது. அடுத்த கிராமத்தோடு எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க இரண்டு பக்கத்துப் படங்களையும் எடுத்து, பொதுவான கல்லை வைத்துப் பொருத்த வேண்டும். மூன்று கிராமங்கள் கூடும் இடத்துக் கல்லிலிருந்து தொடங்கினால் பொருத்துவது எளிது.

பெயர் குழப்பம் இங்கேயும் விடாது. 'மதுரை மேற்கு' என்பது ஒரு வட்டம், ஒரு ஊராட்சி ஒன்றியம், ஒரு சட்டமன்றத் தொகுதி. மூன்றின் எல்லையும் வேறு வேறு. மதுரை கிழக்கும் அப்படித்தான். எதன் 'மேற்கு' என்று கேட்காமல் எல்லையைத் தேடினால் அரை நாள் வீண். கூடலூர் கதை இதற்கு அண்ணன். கேரள எல்லையில் நகராட்சியாக உள்ள கூடலூர் தேனி மாவட்டத்தில் ஒன்று, நீலகிரியில் ஒன்று. மலையடிவாரம், சோதனைச்சாவடி என்று அடையாளம் சொன்னால் இரண்டுக்கும் பொருந்தும். பின்கோடுதான் காப்பாற்றும்: தேனிக் கூடலூர் 625518, நீலகிரிக் கூடலூர் 643212. தேனிக்கு மதுரையின் 625 இருப்பதற்குக் காரணம், பின்கோடு 1972-இல் வந்தது, தேனி மாவட்டம் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. கீழடிக்கோ 630, மதுரைக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் தபால்காரர் அதை மதுரை என்று நினைக்கவில்லை.

ஆக, செலவில்லாமல் தொடங்க விரும்புகிறவர் முதலில் 58 கே/1-ஐயும் 58 ஜி/2-ஐயும் இறக்கட்டும். முதலாவதில் கீழடிப் பக்கத்து மாவட்டக் கோட்டையும், இரண்டாவதில் குமுளி மாநிலக் கோட்டையும் முழுதாகத் தொடர்ந்து பார்த்தபின் மற்றதை எடுக்கலாம். திரையில் பார்ப்பதைவிட அச்சில் பார்ப்பது நூறு மடங்கு சுகம். மதுரை அட்சரேகையில் ஒரு தாளின் வரைபடப் பகுதி சுமார் 55.3 செ.மீ. உயரம், 54.8 செ.மீ. அகலம். ஏ2 காகிதத்தில் அடங்காது, ஏ1 வேண்டும். பிளாட்டர் (பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் அச்சகத்தில் 100 சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் இடது ஓரத்தில் ஸ்கேலை வைத்து உள்சட்டத்தை அளந்து பாருங்கள். 55 செ.மீ.க்குக் கீழே காட்டினால், காகிதத்துக்குள் அடங்கும்படி சுருக்கும் 'ஃபிட் டு பேஜ்' வசதியை அணைக்காமல் அச்சடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2 செ.மீ.க்கு 1 கி.மீ. என்ற கணக்கு அந்தத் தாளில் செல்லாது. காசு கொடுக்குமுன் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.